கள்ளுக்கடையிலிருந்து நெடுஞ்சாலை வரை: பகாவ் வட்டாரத் தோட்டங்களில் குடியும் சட்டமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஜெம்போல் மாவட்டத்தின் வணிக மையமாக விளங்கும் பகாவ், இரயில் பாதையும் இரப்பரும் சேர்ந்து வளர்த்த ஊர். கெமாஸில் தொடங்கி வடக்கு நோக்கிச் சென்ற கிழக்குக்கரை இரயில் பாதை 1910-இல் பகாவை எட்டியது. அக்காலந்தொட்டுச் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் பெருகின. கெடிஸ், ஜெராம் பாடாங், மிடல்டன், செயின்ட் ஹெலியர், கெல்பின் முதலியன அங்குள்ள தோட்டங்களுக்கும் அவற்றில் எழுந்த தமிழ்ப் பள்ளிகளுக்கும் பெயர்களாக நிலைத்துவிட்டன. கங்காணி முறையில், அதாவது தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர் தம் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வரும் முறையில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் வாழ்க்கை லயத்துக்கும் நிரைக்கும் இடையே அமைந்தது. லயம் என்பது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு, நிரை என்பது ஒருவர் பால் வெட்டும் மரங்களின் வரிசை. அவ்வாழ்க்கையில் மதுவுக்கு இருந்த இடம் குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை குடியின் கேட்டைப் பேசுகின்றன. குடியைச் சட்டம் எவ்வாறு நடத்தியது என்ற வரலாறு தனியே ஆராயப்பட வேண்டியது. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவோருக்கு இன்று மலேசியாவில் விதிக்கப்படும் கடுமையான தண்டனைகளைப் புரிந்துகொள்வதற்கும், தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை, அந்த வரலாறே முன்னுரையாகிறது.

தென்னம்பாளையைச் சீவி இறக்கப்படும் கள், இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கி, நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை ஆல்கஹால் கொண்ட பானமாகிவிடும். மறுநாள் வரை வைத்திருந்தால் புளிப்பேறி வாயில் வைக்க முடியாததாகிவிடும். சேர்த்து வைக்க இயலாத இந்த இயல்பால்தான் கள் விற்கும் இடம் குடிப்பவரின் இருப்பிடத்துக்கு அருகிலேயே அமைய வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் ஆட்சி தொடக்கத்தில் மது விற்பனையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. தனியார் குத்தகைதாரர்கள் தோட்ட எல்லைகளில் கடை விரித்ததும், விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிப்பதற்காகத் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் அழைக்கும் கூட்டத்துக்கு, ஆள் வராமற்போவதைக் கண்ட தோட்ட நிருவாகங்கள் முறையிட்டன. சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக எழுந்த குற்றச்சாட்டை விசாரிக்க அரசு ஓர் ஆணையத்தையே அமைத்தது. அதன் நடவடிக்கைக் குறிப்புகள் 1917-இல் வெளியிடப்பட்டன. காலப்போக்கில் கடை தோட்ட நிருவாகத்தின் கைக்கு வந்தது. உரிமம் நிருவாகத்தின் பொறுப்பில் இருக்க, கடை திறக்கும் நேரம், விலை, கள்ளின் தரம் ஆகியவை உரிம நிபந்தனைகளால் வரையறுக்கப்பட்டன. விற்பனை ஆதாயம் தொழிலாளர் நலநிதியில் சேர்க்கப்பட்டது. தோட்டத்துப் பந்துத் திடலும், கோயில் திருவிழாவுக்கான நன்கொடையும் அத்தோட்டத்துத் தொழிலாளி குடித்த கள்ளின் ஆதாயத்திலிருந்தே வந்தன என்பது அந்த ஏற்பாட்டின் வேதனையான உட்பொருள்.

இந்த ஏற்பாட்டுக்கு நிருவாகங்கள் சொன்ன நியாயம், கட்டுப்பாட்டுக்குள் விற்கப்படும் கள் இல்லாவிட்டால் தொழிலாளர்கள் சம்சுவைத் தேடிப் போவார்கள் என்பது. சம்சு என்பது மலிவான வடிசாராயத்துக்கு மலாயாவில் வழங்கும் பொதுப்பெயர். கள்ளைவிடப் பல மடங்கு வீரியமுள்ளது. திருட்டுத்தனமாகக் காய்ச்சப்படும்போது உயிருக்கே உலை வைப்பது. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால், சட்டம் கடைக்கு நேரம் குறித்ததும் அளவு குறித்ததும் மறுநாள் காலையில் பால் வெட்டக் கைகள் வேண்டும் என்பதற்காகவே என்பதையும் மறுப்பதற்கில்லை. குடித்தவரின் குடல் புண்ணும், அவர் வீட்டில் அடுப்பு எரியாததும், மனைவி மக்கள் பட்ட அடியும் உரிம நிபந்தனைகளுக்குள் அடங்கவில்லை.

தோட்டத் தமிழர் இதை உணராமல் இருந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய செய்தி மலாயாவின் தமிழ் இதழ்கள் வழியே லயங்களை எட்டிய காலத்தில், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்ற குரல் சீர்திருத்தச் சங்க மேடைகளைத் தாண்டித் தொழிலாளர் கோரிக்கையாக மாறியது. 1941-இல் ஆர்.எச். நாதனின் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், ஊதிய உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றிருந்தது. அப்பட்டியலில் இருந்த மற்றொரு கோரிக்கை இவ்வரலாற்றுக்கு மிகவும் நெருக்கமானது: வெள்ளைக்கார நிருவாகியான துரை எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. தோட்டத்துச் செம்மண் சாலையில் யார் எப்போது எதன்மீது ஏறிச் செல்லலாம் என்பதை நிருவாகியே தீர்மானித்தார். அரசின் சாலை விதிகள் தோட்டத்து வாயிலுக்கு வெளியேதான் தொடங்கின. போராட்டம் படைபலத்தால் அடக்கப்பட்டு நாதன் நாடுகடத்தப்பட்டார். போருக்குப் பின், 1946-47-இல், கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, சீருடை அணிந்த இளைஞர்களைக் கொண்டு கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. காவல்துறை தலையிட்டது, மோதல் மூண்டது, பலர் சிறை சென்றனர். தோட்டத்துக் குடிக்கு எதிராக மக்களே நடத்திய மிகப் பெரிய இயக்கமாகிய இதில், அரசின் வன்மை திரும்பியது குடிக்கு எதிராக அன்று, குடியை எதிர்த்தவர்களுக்கு எதிராக.

அந்நாளில் குடித்த ஒருவரைச் சட்டம் தனியாளாகத் தண்டித்த இடங்கள் மிகச் சில. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மலாய் மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. பொதுவழியில் முரட்டுத்தனமாகவோ கவனமின்றியோ வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் 279-ஆம் பிரிவு இரண்டு நாடுகளின் சட்டங்களிலும் அதே எண்ணில் அமைந்தது. பொது இடத்தில் குடித்துத் தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் கிடப்பவருக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டம் முதல் முறைக்கு 25 வெள்ளி வரை அபராதமோ 14 நாள் வரை சிறையோ விதித்தது. கள்ளுக்கடையிலிருந்து லயத்துக்குத் தள்ளாடி நடந்து செல்பவரால் கெடுவது பெரும்பாலும் அவரும் அவர் குடும்பமும் மட்டுமே என்ற நிலையில், தண்டனை அந்த அளவோடு நின்றது.

வாகனத்தையும் மதுவையும் இணைத்துப் பார்த்த சட்டச் சிந்தனை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கு 1872-ஆம் ஆண்டின் மது உரிமச் சட்டம், நெடுஞ்சாலையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு குடித்திருப்பதைக் குற்றமாக்கியது. 1897-இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற வாடகைக்கார் ஓட்டுநர், மோட்டார் வண்டியைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதராகப் பதிவானார். எந்திர வாகனங்களுக்கெனத் தனியே 1925-இல் விதி வந்தது. 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையின் பிடியில் இருப்பது என்ற வரையறையை வகுத்தது. மலாயாக் கூட்டரசின் 1958-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து ஆணைச்சட்டமும், 1988 ஜனவரி 1 முதல் அதனிடத்தில் நடப்புக்கு வந்த 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இதே வழியில் அமைந்தவை. இந்த வரையறையின் குறை, மெய்ப்பிப்பதில் இருந்தது. குடித்திருந்தார் என்று காட்டினால் மட்டும் போதாது. கட்டுப்பாடு இழக்கும் அளவுக்குக் குடித்திருந்தார் என்று காட்ட வேண்டும். வாயின் வாடை, கண்ணின் சிவப்பு, பேச்சின் குழறல், நடையின் தள்ளாட்டம் ஆகியவற்றைக் காவலரும் மருத்துவரும் நீதிமன்றத்தில் விவரிக்க, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் களைப்பு என்றும் காய்ச்சல் என்றும் அவற்றுக்கு வேறு காரணம் கற்பிக்க முடிந்தது.

சட்ட நூலில் இந்த மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தபோது பகாவ் வட்டாரத் தோட்டங்களின் உருவமே மாறியது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களை லயத்தைவிட்டு வெளியேற்றியது. அதற்கு மாற்றாகவே வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தார். பின்னர் இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நடப்பட்டது. ஒரே பரப்புக்குத் தேவைப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. ஜெம்போலில் பாலோங், செர்த்திங் முதலான பெல்டா நிலக்குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. தோட்டத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்தனர். தோட்டத்திலேயே தங்கியிருந்தவர்களும் மளிகைக்கும் மருத்துவத்துக்கும் பகாவுக்குப் போக வேண்டியதாயிற்று. கள்ளுக்கடைகளும் மூடப்பட்டன. ஒரு தலைமுறைக்கு முன் கிள்ளானிலும் பீடோங்கிலும் தொழிலாளர் இரத்தம் சிந்திக் கேட்ட ஒன்று, எந்த அறிவிப்பும் இன்றித் தொழில்மாற்றத்தின் பக்கவிளைவாக வந்து சேர்ந்தது. ஆனால், குடி மூடப்படவில்லை. அது ஊருக்கு இடம்பெயர்ந்தது. அதைத் தேடிச் சென்று திரும்ப மோட்டார் சைக்கிள் வந்தது.

இவ்விடத்தில் பகாவின் நில அமைப்பையும் கருத வேண்டும். பகாவிலிருந்து கோலாபிலா, கெமாஸ், திரியாங் திசைகளில் பிரியும் சாலைகள் செம்பனைத் தோட்டங்களையும் குடியேற்றத் திட்டங்களையும் ஊடுருவிச் செல்பவை. ஊர் எல்லை தாண்டினால் விளக்கில்லாத நெடுந்தொலைவுகள் உண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் மரம் ஏற்றிய லோரிகளும் அதே தடத்தில் ஓடுகின்றன. இருட்டிய பிறகு தோட்டத்து வாயில் வரை கொண்டு விடும் பேருந்து அரிது. குடித்தவர் நடந்து போன கால் மைல் தொலைவு, அவர் வண்டியோட்டிப் போகும் பத்துப் பதினைந்து கிலோமீட்டராகிவிட்டது. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்ற உண்மையை இதனோடு சேர்த்துப் பார்த்தால், இந்த இடப்பெயர்ச்சியின் விலை விளங்கும்.

மெய்ப்பிப்பதில் இருந்த அந்தக் குறையைத் தீர்க்க, மது அருந்திய அளவை எண்ணால் அளக்கும் முறை பிறந்தது ஸ்காண்டினேவியாவில். சுவீடனின் எரிக் விட்மார்க் என்ற அறிவியலாளர் 1920-களிலும் 1930-களிலும் இரத்தத்தில் ஆல்கஹால் ஏறி இறங்கும் வேகத்தை அளந்து கணக்கு வகுத்தார்; நார்வே 1936-இல் இரத்தத்தில் இருக்கக்கூடிய ஆல்கஹாலுக்கு எண்ணளவில் வரம்பு விதித்தது. 1954-இல் அமெரிக்காவின் இராபர்ட் போர்க்கென்ஸ்டைன் உருவாக்கிய மூச்சுச் சோதனைக் கருவி, சாலையோரத்திலேயே அளவிடுவதைச் சாத்தியமாக்கியது. பிரிட்டன் 1967-இல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற வரம்பைச் சட்டமாக்கியது. மலேசியா 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிற்பாடு திருத்தி இதே 80 மில்லிகிராமை ஏற்று, மூச்சுக்கு 35 மைக்ரோகிராம், சிறுநீருக்கு 107 மில்லிகிராம் என்று, அனைத்தையும் 100 மில்லிலிட்டருக்குக் கணக்கிட்டு, இணை வரம்புகளையும் வகுத்தது. அன்றிலிருந்து 45-ஏ பிரிவின்கீழ், வண்டியைச் சரியாக ஓட்டினாரா என்ற கேள்வியே எழாமல், அளவு மீறியதொன்றே குற்றமாயிற்று. சோதனைக்கு மூச்சையோ இரத்தத்தையோ தர நியாயமான காரணமின்றி மறுப்பதும் தனிக் குற்றமாயிற்று.

இந்த எண்கள் ஓர் உடலில் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை விட்மார்க்கின் கணக்கைக் கொண்டே காணலாம். 60 கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளி, நூற்றுக்கு 5 பங்கு ஆல்கஹால் உள்ள கள்ளையோ பீரையோ 600 மில்லிலிட்டர் அளவு, வெறும் வயிற்றில், ஒரே மூச்சில் குடிக்கிறார் என்று கொண்டால், அவர் உடலுக்குள் செல்லும் ஆல்கஹால் 30 மில்லிலிட்டர், எடையில் ஏறத்தாழ 24 கிராம். ஆல்கஹால் உடலின் நீர்ப்பகுதியில்தான் கலக்கும் என்பதால் ஆண்களுக்கு உடல் எடையில் நூற்றுக்கு 68 பங்கை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வது விட்மார்க்கின் முறை. அவ்வாறு வகுத்தால் அவர் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 58 மில்லிகிராம் வரும். பழைய 80 மில்லிகிராம் வரம்பில் அவர் குற்றமற்றவர். இன்றைய 50 மில்லிகிராம் வரம்பில் அவர் குற்றவாளி. கல்லீரல் ஆல்கஹாலை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே இறக்குகிறது; தேத்தண்ணீரோ, குளியலோ, எலுமிச்சைச் சாறோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இதே மனிதர் திருவிழா இரவில் பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மடங்கு குடித்திருந்தால், விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்காக வண்டியை எடுக்கும்போதும் அவர் இரத்தத்தில் ஏறத்தாழ 69 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். உறங்கி எழுந்துவிட்டோம், தெளிந்துவிட்டது என்று அவர் உளமார நம்பக்கூடும். கருவி வேறு சொல்லும். ஆளுக்கு ஆள் இக்கணக்கு மாறும் என்பதால் இது ஒரு மதிப்பீடே. நீதிமன்றத்துக்குச் சான்று அளவீடுதான்.

வரம்பு 80-இலிருந்து 50-ஆகக் குறைந்தது 2020-இல். அவ்வாண்டின் முற்பாதியில் குடித்துவிட்டு ஓட்டியவர்களால் நேர்ந்த உயிரிழப்புகள் நாடு முழுவதும் கொந்தளிப்பை உண்டாக்க, போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் கொண்டுவந்த திருத்த மசோதாவை நாடாளுமன்ற மக்களவை ஆகஸ்டில் நிறைவேற்றியது. அக்டோபர் 23 முதல் அது நடப்புக்கு வந்தது. மூச்சு வரம்பு 22 மைக்ரோகிராமாகவும், சிறுநீர் வரம்பு 67 மில்லிகிராமாகவும் குறைக்கப்பட்டன. போதையில் ஓட்டி ஒருவரின் உயிரைப் பறித்ததற்கு முன்பு 3 முதல் 10 ஆண்டுச் சிறையும் 8,000 முதல் 20,000 ரிங்கிட் அபராதமும் இருந்த இடத்தில், இப்போது முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டுச் சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம், 10 ஆண்டு உரிமத் தடை. மீண்டும் செய்தால் 15 முதல் 20 ஆண்டுச் சிறை, 100,000 முதல் 150,000 ரிங்கிட் அபராதம், 20 ஆண்டு உரிமத் தடை. காயம் விளைவித்தால் 7 முதல் 10 ஆண்டுச் சிறையும் 30,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதமும். யாருக்கும் ஒன்றும் நேராமல், வரம்பை மீறிய அளவோடு பிடிபட்டவருக்கும் 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டுகள் வரை சிறை, 2 ஆண்டு உரிமத் தடை. முன்பு இதே குற்றத்துக்கான அபராதம் 1,000 ரிங்கிட்டில் தொடங்கியது. முஸ்லிம்கள் மது அருந்துவதை மாநில ஷரியா சட்டங்கள் தனியே தண்டிக்கின்றன. சாலைச் சட்டமோ எல்லா மதத்தாருக்கும் பொதுவானது.

தோட்டத் தொழிலாளியின் வருவாயோடு ஒப்பிட்டால்தான் இத்தண்டனையின் எடை தெரியும். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022 மே முதல் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்த்தப்பட்டது. உயர்ந்த இந்தச் சம்பளத்திலும், மிகக் குறைந்த அபராதமான 10,000 ரிங்கிட் என்பது கிட்டத்தட்ட ஆறு மாத முழுச் சம்பளம். அதைக் கட்ட முடியாதவர் அதற்கு ஈடாகச் சிறையில் இருக்க வேண்டும். ஈராண்டு உரிமத் தடையோ அபராதத்தைவிடக் கொடியது. பகாவில் குடியிருந்துகொண்டு பத்துக் கல்லுக்கு அப்பால் உள்ள செம்பனைத் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ விடியற்காலையில் போக வேண்டியவருக்கு மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் வேலை இல்லை. இத்தண்டனை அவர் மனைவி மக்கள்மீதும் விழுகிறது.

சட்டத்தின் இரண்டு நுணுக்கங்கள் தோட்டத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. முதலாவது, வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. சாலையிலோ மற்றப் பொது இடத்திலோ வண்டியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதே, வரம்பு மீறியிருந்தால், குற்றமாகக்கூடும். அந்நிலையில் வண்டியை ஓட்டியிருக்க வாய்ப்பே இல்லை என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரைச் சேர்ந்தது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போதை தெளியட்டும் என்று அதன்மீதே சாய்ந்து உறங்குபவர் தம்மைப் பாதுகாப்பானவர் என்று எண்ணுவது தவறு. இரண்டாவது, சாலை என்பதற்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் விளக்கம், தனியார் பராமரித்து வைத்திருக்கும் தனியார் சாலையைச் சேர்த்துக்கொள்வதில்லை. தோட்டத்துச் செம்மண் சாலைகள் பல இத்தகையவை. தோட்டத்துக்குள் லயத்திலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து வாயிலுக்கும் குடித்துவிட்டு வண்டியோட்டிப் பழகியவரை வழியில் எந்தச் சோதனையும் நிறுத்துவதில்லை. வாயிலைக் கடந்து தார்ச்சாலையில் சக்கரம் ஏறும் அந்தக் கணத்தில் பத்தாயிரம் ரிங்கிட் சட்டம் அவர்மீது முழுமையாக இறங்குகிறது. துரையின் முன் சைக்கிளைவிட்டு இறங்கச் செய்த நாளில் அரசின் விதி எந்த வாயிலில் நின்றதோ, ஏறத்தாழ அதே வாயிலில்தான் இன்றும் நிற்கிறது. தோட்டத்துக்குள் நடப்பதற்குத் தோட்ட நிருவாகமும் தோட்ட மக்களுமே பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் பொருள்.

இந்தியாவின் நிலை வேறுவிதமானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற, மலேசியாவைவிடக் கண்டிப்பான வரம்பை வைத்திருக்கிறது. தண்டனையோ, 2019-இல் உயர்த்தப்பட்ட பிறகும், முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்ற அளவில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. விற்பவரும் தண்டிப்பவரும் ஒருவரே என்ற அந்தச் சிக்கலைப் பழைய மலாயாத் தோட்டத்தில் ஏற்கெனவே கண்டிருக்கிறோம்.

விற்பனைப் பக்கம் மலேசியா செய்த மாற்றங்களுள் குறிப்பிடத்தக்கது 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்குவதற்கான வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தியது. மலிவுச் சம்சு சிறு புட்டிகளில் ஏழை மக்களிடம் விற்கப்படுவதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிஸின் தலைமையில், பல ஆண்டுகள் தமிழிலும் பிரசாரம் செய்தது. இவை தவிர்த்தால், ஒரு நூற்றாண்டில் சட்டத்தின் பார்வை கடையிலிருந்து குடிப்பவரின் மூச்சுக்கு மெல்ல நகர்ந்துவிட்டது. கடை உரிமத்தில் எழுதப்பட்டிருந்த நேரக் கட்டுப்பாடும், தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தப்பட்ட பொறுப்பும் போய்விட, முழுப் பொறுப்பும் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தவர்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. வரம்பைக் குறைத்தது சரியே; எதிரே குடும்பத்தோடு வருபவரின் உயிர், குடித்தவரின் வறுமையைக் காரணம் காட்டித் தள்ளுபடி செய்யத்தக்கதன்று. குறை, தண்டனையை ஏற்றிய வேகத்தில் குடித்தவர் வண்டியின்றி வீடு திரும்பும் வழியை யாரும் ஏற்படுத்தித் தராததில் இருக்கிறது. அன்று கள்ளுக்கடை நடத்திய நிருவாகங்களின் வழிவந்த நிறுவனங்கள், ஓர் இரவுப் பேருந்துக்குப் பணம் கொடுப்பதில்லை.

பகாவ் வட்டாரத்தில் தோட்டக் கோயில்களின் ஆண்டுத் திருவிழாக்களும், ஆடித் திருவிழாவும், தீமிதியும், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் ஊர் திரும்பும் நாள்கள். அந்த இரவுகளில்தான் வண்டிகள் மிகுதி; குடியும் மிகுதி. 1941-இலும் 1947-இலும் இவர்களைப் போன்ற தோட்டத் தமிழர்கள் கள்ளுக்கடையை மூடச் சொல்லி அரசை எதிர்த்து நின்றார்கள். இன்று கேட்க வேண்டியது அதைவிட மிகச் சிறிது. கோயில் நிருவாகக் குழுவினரும், தோட்ட நிருவாகமும், தொழிற்சங்கக் கிளையும் கூடிப் பேசி, திருவிழா இரவுகளில் கோயிலிலிருந்து பகாவுக்கும் சுற்றுத் தோட்டங்களுக்கும் ஒரு வாடகைப் பேருந்தையாவது ஓட்ட வேண்டும். திருவிழா அழைப்பிதழில் பூசை நேரத்தையும் அன்னதான நேரத்தையும் அச்சிடும்போது, அந்தப் பேருந்து புறப்படும் நேரத்தையும் அச்சிட வேண்டும். குடித்தவரின் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக் காலையில், அதுவும் வெயில் ஏறிய பிறகு, கொடுக்கத் துணிவுள்ள பெரியவர் இருவரையாவது குழு அமர்த்த வேண்டும்.